ஐரோப்பிய அரசியல் சாசனம்: வேண்டுமா, வேண்டாமா?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

இவ்வாண்டு இலக்கிய மன்றச் சொற்போருக்கு எங்கள் வரலாற்று சிஸ்டர் கொடுத்த தலைப்பைக் கேட்டதும் வகுப்பே பெருமூச்சு விட்டது. “ஐரோப்பிய அரசியல் சாசனம் நிறைவேறாமற் போனது நன்றே” என்பது தலைப்பு. பட்டணமா கிராமமா, அறிவா செல்வமா என்றெல்லாம் பேசிப் பழகியவர்கள் நாங்கள். நாங்கள் பிறப்பதற்கு முன்பே, கடல் கடந்த ஒரு கண்டத்தில் தோற்றுப்போன காகிதக் கட்டுக்கும் எங்களுக்கும் என்ன உறவு? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வெட்டிப் பேசும் பக்கம் விழுந்தது. அதாவது, அந்தச் சாசனம் நிறைவேறியிருக்க வேண்டும் என்று நான் வாதாட வேண்டும். வாதாடினேன். ஆனால் மேடையில் முழங்கியது ஒன்று, மனத்திற்குள் முடிவு செய்தது மற்றொன்று. மேடையில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2004 அக்டோபர் 29 அன்று ரோமாபுரியில், கபிடோலின் குன்றின்மேல் உள்ள பழைய மாளிகை மண்டபத்தில் 25 நாடுகளின் தலைவர்கள் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1957-இல் ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் அதே மண்டபத்தில்தான். அங்கே திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் அவர்களின் வெண்கலச் சிலை ஒன்று கையை உயர்த்தியபடி வீற்றிருக்கிறது. அச்சிலையின் முன்னிலையில் கையெழுத்தான சாசனத்தின் முகவுரையில் கடவுளின் பெயரும் இல்லை, கிறிஸ்துவின் பெயரும் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கோபம் என்னவாயிற்று என்பதைப் பின்னால் சொல்வேன்.

முதலில், இப்படி ஒரு சாசனம் எதற்காகத் தேவைப்பட்டது? இரண்டு உலகப் போர்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் இனிப் போரிடவே இயலாதவாறு, போருக்கு வேண்டிய நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது நிர்வாகத்தின்கீழ் வைத்துவிடலாம் என்று பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சர் ராபர்ட் ஷூமான் 1950 மே 9 அன்று யோசனை கூறினார். அடுத்த ஆண்டே ஆறு நாடுகள் அதற்காக ஒன்றுசேர்ந்தன. அதன்பின் ரோம், மாஸ்ட்ரிக்ட், ஆம்ஸ்டர்டாம், நீஸ் என்று உடன்படிக்கைமேல் உடன்படிக்கையாகக் குவிந்தது. ஆறு பேருக்குக் கட்டிய வீட்டில் 2004 மே மாதம் முதல் இருபத்தைந்து குடித்தனம்! ஒட்டும் இடுக்குமாக வளர்ந்துவிட்ட அந்த வீட்டிற்கு ஒழுங்கான வரைபடம் ஒன்று போடுவதற்காக 2002 பிப்ரவரியில் ஒரு மாநாடு கூடியது. பிரான்சின் முன்னாள் குடியரசுத் தலைவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேங் தலைமையில் 105 உறுப்பினர்கள் 2003 ஜூலை வரை பேசி எழுதிய வரைவுதான், சில திருத்தங்களுக்குப் பிறகு, ரோமில் கையெழுத்தாயிற்று.

நிறைகளை முதலில் கூறிவிடுகிறேன். என் கட்சியும் அதுதானே!

ஓட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நீஸ் உடன்படிக்கையின்படி அமைச்சர் மன்றத்தில் ஜெர்மனிக்கு 29 ஓட்டு, போலந்துக்கு 27 ஓட்டு. ஜெர்மனியில் 8 கோடிக்கு மேற்பட்ட மக்கள். போலந்தில் 4 கோடிக்கும் குறைவு. 4 லட்சம் பேர் வாழும் மால்டாவுக்கு 3 ஓட்டு. இது எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. விடிய விடிய நடந்த பேரத்தில் வந்த எண்கள் அவை. புதிய சாசனம் இதை மாற்றியது. ஒரு சட்டம் நிறைவேற வேண்டுமானால் நூற்றுக்கு 55 நாடுகள் ஒப்ப வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றிய மக்களில் நூற்றுக்கு 65 பேர் வாழ வேண்டும். பெரிய நாடுகள் மூன்று கூடிக்கொண்டு எதையும் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தடுக்கக் குறைந்தது நான்கு நாடுகள் வேண்டும் என்றும் எழுதினார்கள். நம் பள்ளித் தலைவி தேர்தலில் பிரிவுக்கு ஓர் ஓட்டு என்றால் பெரிய பிரிவு அழும். தலைக்கு ஓர் ஓட்டு என்றால் சிறிய பிரிவு அழும். இரண்டையும் எண்ணிப் பார் என்பதே சாசனம் காட்டிய வழி. இதில் குறை காண எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, அடிப்படை உரிமைகள் பட்டயம். 2000 டிசம்பரில் நீஸ் நகரில் அறிவிக்கப்பட்ட இந்தப் பட்டயம் அதுவரை வெறும் பிரகடனமாகவே இருந்தது. நீதிமன்றத்தில் செல்லும் சட்டமாக இல்லை. சாசனம் அதன் 54 ஷரத்துகளையும் இரண்டாம் பகுதியாக ஏற்றுச் சட்ட வலிமை தந்தது. அதன் முதல் ஷரத்து மனித மாண்பு. இரண்டாவது உயிர் வாழும் உரிமை; மரண தண்டனை கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. குழந்தைகளை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று ஒரு ஷரத்து, முதியோர் கண்ணியத்துடன் வாழ வேண்டும் என்று ஒரு ஷரத்து. மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட சொற்களே வேறு உடையில் வந்தாற்போல் இருந்தது எனக்கு.

பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தை முன்மொழியுமாறு ஆணையத்தைக் கேட்கலாம் என்பதும், அமைச்சர்கள் சட்டம் இயற்றும்போது கதவைத் திறந்துவைத்தே இயற்ற வேண்டும் என்பதும் நல்ல ஏற்பாடுகள். வெளிவிவகார அமைச்சர் என்று ஒருவரை நியமிப்பதைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம் உண்டு. 2003-இல் ஈராக் போர் மூண்டபோது பிரிட்டனும் ஸ்பெயினும் அமெரிக்காவின் பக்கம், பிரான்சும் ஜெர்மனியும் எதிர்ப்பக்கம். அப்போது அந்த அமைச்சர் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பார்? வெளிவிவகாரத்தில் எல்லா நாடுகளும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. பட்டம் தந்தார்கள், குரல் தரவில்லை.

இனி என் கோபத்திற்கு வருகிறேன். 2003 மே மாதம் வெளியான வரைவு முகவுரை கிரேக்க, ரோமானிய நாகரிகங்களைப் பெயர் சொல்லிப் போற்றியது. பிறகு ஒரே தாவலில் அறிவொளிக் காலத் தத்துவ ஞானிகளிடம் வந்து நின்றது. இடையில் இருந்த ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எந்தக் கடல் விழுங்கியது? காட்டைத் திருத்திக் கழனியாக்கிய மடங்கள், பல்கலைக்கழகங்கள், பேராலயங்கள், ஐரோப்பாவின் பாதுகாவலராகிய புனித ஆசீர்வாதப்பர், இவர்களெல்லாம் எங்கே? திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் ஐரோப்பாவின் கிறிஸ்தவ வேர்களைச் சாசனத்தில் குறிப்பிட வேண்டுமென்று பலமுறை கேட்டுக்கொண்டார். போலந்து, இத்தாலி முதலிய நாடுகள் ஆதரித்தன. 1905 முதல் அரசையும் மதத்தையும் பிரித்தே வைத்திருக்கும் பிரான்சு இசையவில்லை. கடைசியில் கிரேக்கமும் போயிற்று, ரோமும் போயிற்று, அறிவொளியும் போயிற்று. ஐரோப்பாவின் பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு என்ற பொதுச் சொற்கள் மட்டும் எஞ்சின.

“வேரை மறைத்துவிட்டு மரத்தைப் பாராட்டுவதா?” என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். சாசனத்தை ஆதரிக்கும் எனக்கு அது உதவாத வரி என்றாலும், எழுதிய பெருமை விடவில்லை. அன்றிரவு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஏம்மா, நம்ம நாட்டுச் சாசனத்துல பெரும்பான்மையானவங்க மதம்தான் இந்த நாட்டு வேர்னு எழுதியிருந்தா, நீ கைதட்டுவியா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் நூலகத்தில் நம் அரசியல் நிர்ணய சபையைப் பற்றித் தேடிப் படித்தேன். 1949 அக்டோபர் 17 அன்று, நம் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கடவுளைப் பற்றி ஓட்டெடுக்கும் சங்கடத்திற்கு உறுப்பினர்களை ஆளாக்க வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி என்ற பெண் உறுப்பினர் அவரைக் கேட்டுக்கொண்டார். ஆயினும் ஓட்டெடுப்பு நடந்தது. திருத்தத்திற்கு ஆதரவாக 41, எதிராக 68. அந்த 68 பேரும் நாத்திகரா? இல்லவே இல்லை. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் வாயில் திணிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள். அந்தச் சபையில் சென்னை லயோலா கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும் ஓர் உறுப்பினர். அச்சபை இயற்றிய சாசனத்தின் 30-ஆவது ஷரத்துதான் சிறுபான்மையோர் தங்கள் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. கடவுள் பெயர் இல்லாத அந்த முகவுரையின் நிழலில்தான் நம் பள்ளியில் காலைச் செபம் ஒலிக்கிறது! பாரிசிலோ பெர்லினிலோ வாழும் ஒரு முஸ்லிம் பெண், ஒரு யூதப் பெண், எந்த மதமும் இல்லாத ஒரு பெண், அவர்களுக்கும் அந்த நிழல் வேண்டாமா?

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. ஐரோப்பிய ஐக்கியத்திற்கு அடிகோலிய ஷூமான், ஜெர்மனியின் அடேனாவர், இத்தாலியின் தே காஸ்பரி ஆகிய மூவரும் ஆழ்ந்த கத்தோலிக்கர்கள். ஷூமான் அவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கச் செய்தார். ஆனால் இவர்கள் காலத்தில் உருவான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முகவுரையில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. பழைய பகைவரோடு நிலக்கரியைப் பங்கிட்டுக்கொள்ளும் வேலையைச் செய்தார்கள், பெயரை எழுதவில்லை.

ஆனாலும் அப்பாவின் கேள்வி முழுப் பதில் ஆகிவிடாது என்றே நினைக்கிறேன். போலந்து நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சாசனம் ஓர் அழகான வழி கண்டிருக்கிறது. உண்மைக்கும் நீதிக்கும் நன்மைக்கும் அழகுக்கும் ஊற்று கடவுளே என்று நம்புவோரும், அந்த நம்பிக்கை இல்லாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரும், ஆகிய எல்லாரும் சேர்ந்ததே தங்கள் நாடு என்று அது கூறுகிறது. இப்படி ஒரு வாசகத்தை ஐரோப்பாவுக்கும் எழுதியிருந்தால் யார் மனம் புண்பட்டிருக்கும்? ஆயினும் சாசனத்தின் உள்ளே 52-ஆவது ஷரத்தில், திருச்சபைகளோடும் பிற தத்துவ அமைப்புகளோடும் ஒன்றியம் ஒளிவுமறைவின்றி, தொடர்ந்து உரையாட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை இல்லையே தவிர, உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.

உண்மையில் அந்த முகவுரையில் என்னை அதிகம் உறுத்தியது இதுவன்று, அதன் முதல் வரி. நம் சாசனம் “இந்திய மக்களாகிய நாம்” என்று தொடங்குகிறது. அதுவோ பெல்ஜியர்களின் மாமன்னர், செக் குடியரசின் தலைவர், டென்மார்க்கின் மகாராணியார் என்று தொடங்கி 25 நாட்டுத் தலைவர்களையும் வரிசையாக அழைக்கிறது. பேசுவது யார்? மக்கள் அல்லர். நாடுகளுக்கிடையே எழுதப்படும் உடன்படிக்கை அப்படித்தான் தொடங்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரசியல் சாசனம் என்ற பெயரையும் சூட்டிக்கொண்டு, அரசர்களின் வாயால் பேசலாமா?

இதற்கு மேடையில் ஒரு பதில் வைத்திருந்தேன். நம் அரசியல் நிர்ணய சபையையும் எல்லா மக்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகளே பெரும்பாலான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. நம் சாசனமும் பொது வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. கைதட்டல் கிடைத்தது. ஆனால் என் மனம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. நம் நாட்டில் சிறையிலும் ஊர்வலத்திலும் உப்பு எடுத்த கடற்கரையிலும் அந்த ‘நாம்’ முன்பே பிறந்துவிட்டது. சாசனம் அதற்குப் பெயர் வைத்தது. ஐரோப்பாவில் 2004-இல் அப்படி ஒரு ‘நாம்’ பிறந்திருந்ததா?

பிறந்திருந்தாலும் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்திருக்காது! மொத்தம் 448 ஷரத்துகள்; இணைப்புகள் வேறு. நம் சாசனமும் 395 ஷரத்துகளோடு பிறந்ததுதான், நீளத்தை மட்டும் குறை கூறினால் நியாயமாகாது. குறை வேறு. 448-இல் 322 ஷரத்துகள் மூன்றாம் பகுதியைச் சேர்ந்தவை. சந்தைப் போட்டி, சுங்கம், வேளாண்மை, மீன்பிடித்தல், போக்குவரத்து என்று அன்றாடக் கொள்கைகளெல்லாம் அதில் அடங்கும். சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் ஒரு நாடு விடாமல் எல்லா நாடுகளும் ஒப்ப வேண்டும். மனித மாண்பை யாரும் எளிதில் திருத்த முடியாமல் பூட்டி வைப்பது சரி. சுங்க வரி விதிகளையும் அதே பூட்டுக்குள் வைப்பானேன்? நாளை ஒரு நாட்டு மக்கள் வேறு பொருளாதாரக் கொள்கை வேண்டுமென்று ஓட்டுப் போட்டால் என்ன செய்வது? பிரான்சில் இடதுசாரிகள் பலர் எழுப்பிய கேள்வி இதுதான். அந்த விதிகளில் பெரும்பாலானவை பழைய உடன்படிக்கைகளில் ஏற்கெனவே உள்ளவை, சாசனத்தை நிராகரித்தாலும் அவை மறையமாட்டா என்று ஆதரவாளர் கூறியதும் உண்மையே. ஆனால் பழைய உடன்படிக்கையில் இருப்பது வேறு, சாசனம் என்று முத்திரை பெறுவது வேறு அன்றோ?

மக்கள் என்ன சொன்னார்கள்? 2005 பிப்ரவரியில் ஸ்பெயின் மக்கள் நூற்றுக்கு 77 பேர் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் ஓட்டுப் போட வந்தவர்களே நூற்றுக்கு 42 பேர்தான். மே 29 அன்று பிரான்சு. அங்கே அரசாங்கம் சாசனத்தை அச்சிட்டு வாக்காளர்களுக்கு அனுப்பி வைத்திருந்தது. நூற்றுக்கு 69 பேர் வந்து ஓட்டளித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 55 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றார்கள். ஜூன் 1 அன்று நெதர்லாந்தில் 61.5 சதவீதம் ‘இல்லை’. பிறகு ஜூலையில் லக்சம்பர்க் 56.5 சதவீதத்தோடு ‘ஆம்’ என்றது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 25 நாடுகளும் ஏற்றால்தான் சாசனம் உயிர்பெறும் என்பது விதி.

‘இல்லை’ என்றவர்கள் எல்லோரும் சாசனத்தைப் படித்தா சொன்னார்கள் என்றால், அதுவும் இல்லை. வேலையின்மை மீது கோபம், குடியரசுத் தலைவர் ஷிராக் மீது கோபம், துருக்கியைச் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சம், நெதர்லாந்தில் யூரோ நாணயம் வந்தபின் விலைவாசி ஏறிவிட்டது என்ற முணுமுணுப்பு, எல்லாம் ஓட்டுப் பெட்டிக்குள் விழுந்தன. பிரான்சில் போலந்து நாட்டுப் பிளம்பர் ஒருவர் பூதமாகவே ஆகிவிட்டார். குறைந்த கூலிக்கு வந்து பிரெஞ்சுக்காரர் வேலைகளைப் பறித்துக்கொள்வார் என்று மேடைதோறும் அவர் பெயர் அடிபட்டது. போலந்துச் சுற்றுலாத் துறையினர் சளைக்கவில்லை. அழகிய பிளம்பர் ஒருவரின் படத்தைச் சுவரொட்டியாகப் போட்டு, அவர் போலந்திலேயே இருக்கப் போகிறார், நீங்கள் வந்து பாருங்கள் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு அழைப்பு விடுத்தார்கள்! அயலார் மீதுள்ள அச்சத்திற்கு இதைவிட நயமான பதிலை நான் கண்டதில்லை.

நான் அன்று பிரான்சில் ஒரு வாக்காளராக இருந்திருந்தால்? முதல் இரண்டு பகுதிகளுக்கும் மனமார ‘ஆம்’ என்பேன். மூன்றாம் பகுதியைத் தனியே எடுத்துவையுங்கள் என்பேன். ஆனால் வாக்குச் சாவடியில் இருந்தவை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே சீட்டுகள். ஆகவே ‘இல்லை’ என்ற சீட்டைத்தான் உறையில் இட்டிருப்பேன், தயங்கித் தயங்கி. குறுகிய, தெளிவான, ஒரு பத்தாம் வகுப்பு மாணவி படித்தால் விளங்கக்கூடிய ஒரு சாசனத்தோடு திரும்பி வாருங்கள் என்பதே அந்த ‘இல்லை’யின் பொருளாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தார்கள். 2007 டிசம்பர் 13 அன்று லிஸ்பனில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சாசனம் என்ற பெயர் போயிற்று. கொடியும் கீதமும் பற்றிய ஷரத்து போயிற்று. வெளிவிவகார அமைச்சர் என்ற பட்டம் மாறிற்று. 55-65 ஓட்டுக் கணக்கும், பத்து லட்சம் கையெழுத்தும், உரிமைப் பட்டயத்தின் சட்ட வலிமையும் நிலைத்தன. மூன்றாம் பகுதிக்குரியவை பழைய உடன்படிக்கைக்கே திரும்பிப் போயின. ஆனால் முழுவதையும் இந்த வரியை நீக்குக, அந்தச் சொல்லைச் சேர்க்க என்று பழைய உடன்படிக்கைகளுக்குத் திருத்தங்களாகவே எழுதிவிட்டார்கள்! முன்னது நீளமாக இருந்தது. இதுவோ புரியவே இல்லை. பிரான்சிலும் நெதர்லாந்திலும் இம்முறை மக்களைக் கேட்கவில்லை, நாடாளுமன்றங்களே ஏற்றுக்கொண்டன. கேட்டது அயர்லாந்து மட்டுமே, அந்நாட்டுச் சாசனத்தின்படி கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால். 2008 ஜூனில் ஐரிஷ் மக்கள் 53.4 சதவீதம் ‘இல்லை’ என்றார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஆணையத்தில் ஓர் இடம் உண்டு, அயர்லாந்தின் வரி விதிப்பிலும் நடுநிலைமையிலும் தலையிடமாட்டோம் என்று உறுதிமொழிகள் தந்து, 2009 அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். 67 சதவீதம் ‘ஆம்’. டிசம்பர் 1 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. உறுதிமொழி பெற்றபின் மனம் மாறுவது தவறன்று. ஆனால் முதலில் ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் யாராவது இரண்டாம் முறை வந்து கேட்டிருப்பார்களா?

மாநாட்டில் எழுதிய இன்னொரு ஷரத்தும் லிஸ்பன் வழியாகப் பிழைத்தது. விரும்பும் நாடு ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்பது அது. அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2017 மார்ச் 29 அன்று பிரிட்டன் அதைக் கையில் எடுத்தது. 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியும் விட்டது. எதிரணித் தோழி இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தாள். கதவு இருக்கும் வீட்டில்தான் நிம்மதியாக உறங்க முடியும் என்று பதில் சொன்னேன். இதை மட்டும் மேடையிலும் மனத்திலும் ஒன்றாகவே நினைத்தேன்.

சொற்போரின் முடிவு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? வகுப்பினர் கையுயர்த்தி ஓட்டளித்ததில் எங்கள் அணி மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. பின்வரிசையில் இருவர் கையைப் பாதிதான் தூக்கினார்கள், மறுபடி எண்ண வேண்டும் என்று நாங்கள் முறையிட்டோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “உட்காருங்க பிள்ளைகளா, இது அயர்லாந்து இல்லை” என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார்.